புபாத்தி எந்தக் காரில் வருவார்?

ஜாவாத் தீவின் கலிசோகா கிராமத்துப் பாலம் கட்டி முடிந்து ஒரு மழைக்காலம் போய், அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. பாலத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கைப்பிடிக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். இரண்டு முனையிலும் விளக்குக் கம்பம். டவுன் பக்கத்து முனையில் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன், அதன் பக்கத்தில் துணி போர்த்திய பளிங்குக் கல். பன்யுமுல்யோ மாவட்டத்தை ஆளும் புபாத்தி இந்தப் பாலத்தைத் திறந்துவைத்தார் என்று கல்லில் பொறித்தாகிவிட்டது. அவர் வந்து திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அதுவரை யாரும் பாலத்தை மிதித்துவிடக் கூடாதென்று ஒரு காவலரைப் போட்டிருந்தார்கள். ஊர் ஜனம் பாலத்துக்கு அடியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய்வந்தது. வெயில் காலத்தில் பாலம் நல்ல நிழல் கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காவலருக்குக் காப்பி குடிக்கத் தோன்றினால் அவரும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில்தான் இறங்கிப் போவார். சட்டம் எல்லாருக்கும் பொது.

ஊர்த் தலைவர் துமிஜன் சாதுவான மனிதர். அரசாங்க ஆபீஸ் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை, நுனியில்தான் உட்காருவார். அவருடைய ஒரே மகள் வெனிங்குக்கும் டவுன் பையன் ஹனுங்குக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இருவரின் பிறந்த கிழமைகளையும் ஜாவாக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் தேறியது. அதை விட்டால் அந்த வருஷம் வேறு நாள் கிடையாது. ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போட்டும் ஆகிவிட்டது.

ஜாவாவில் ஐயாவுக்கு பாக், அம்மாவுக்கு இபு. ஹனுங்கின் அம்மா இபு ரெத்னோ மரியாதையாகத்தான் சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்க பாக் துமிஜன். எம்பையன் இடுப்புல கத்தி செருகிக்கிட்டு, தலைப்பாகை கட்டிக்கிட்டு, சேத்துத் தண்ணியில நனைஞ்ச கோழி மாதிரி வந்து நிக்கணுமா? பாலம் திறந்தா வர்றோம். இல்லேன்னா அல்லா நமக்கு இதை எழுதலைன்னு விட்டுடுவோம்."

வெனிங் உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. துமிஜனுக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆபீசுக்குப் போனார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு என்றால் ஆற்றைக் கடக்கும்வரை நாலு பேர் தூக்கிக்கொண்டு என்று அர்த்தம்.

வரவேற்புப் பிரிவின் தலைவர் பாக் விரத்மோகோ அன்போடு வரவேற்றார். வரவேற்பது அவர் வேலை.

"தேதியா? தேதி பெரிய விஷயமே இல்ல பாக். கார்தான் விஷயம்."

"என்ன கார் பாக்?"

"பாக் புபாத்தியோட பழைய காரை ஏலத்துல விட்டாச்சு. புதுசு வாங்கணும். பெட்ரோல்ல ஓடற சொகுசு எஸ்யூவியா, எலெக்ட்ரிக் காரான்னு ஆய்வு நடக்குது. அது முடியாம அவர் எதுல ஏறி உங்க ஊருக்கு வருவார்?"

துமிஜன் யோசித்துப் பார்த்தார். "எங்கிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கு பாக். பின்னால உக்காந்தார்னா ஒரு சிகரெட் புகையறதுக்குள்ள கொண்டுபோய் இறக்கிடுவேன்."

பக்கத்து மேஜைகளில் வேலை நின்றுபோயிற்று. விரத்மோகோ எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க இதைச் சொல்லல. நான் இதைக் கேக்கல. சரியா?" என்றார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஆனா வந்தது நல்லதாப் போச்சு. ஆய்வுக் குழுவில மக்கள்ல ஒருத்தர் இருக்கணும்னு விதி. மக்கள்னு யாரையும் எங்களுக்குத் தெரியாது. உங்களைப் போட்டுடறேன்."

இப்படியாகத் துமிஜன், சொந்தமாக ஒரு கார்கூட இல்லாத துமிஜன், மாவட்டத்தின் கார் தேர்வுக் குழு உறுப்பினர் ஆனார். முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். உள்ளே வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிச் சோறு, ஒரு பொரித்த சுருள், ஒரு சின்னக் குவளைத் தண்ணீர். பேச வந்த ஒவ்வொருவரும் மரியாதைக்குரியவர்களின் பெயர்களைப் பதவி வரிசைப்படி சொன்னார்கள். அது முடிவதற்குள் பெட்டிகள் காலியாகிவிட்டன.

போக்குவரத்துத் துறைத் தலைவர் எஸ்யூவியின் பக்கம்.

"ஒரு தலைவர் வர்றார்னா முதல்ல எஞ்சின் சத்தம் வரணும். சத்தம் கேட்டதும் ஜனங்க எழுந்து நிக்கணும். எழுந்துக்க அவகாசம் குடுக்கறதே அந்த எஞ்சின்தான். கரண்டு வண்டியில சத்தமில்லாமப் போய் இறங்கினா என்ன ஆகும்? ஜனங்க அவங்கவங்க வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கறதைத் தலைவர் தன் கண்ணால பாக்க வேண்டி வரும். அந்தக் கொடுமைக்கு அவரை நாம ஆளாக்கலாமா?"

பலத்த கைதட்டல். அடுத்து சுற்றுச்சூழல் துறைத் தலைவர் எழுந்தார். அவர் மின்சாரக் காரின் பக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"காத்து சுத்தமா இருக்கணும்கறதுல எங்க துறைக்கு மறு பேச்சே இல்ல. எல்லாரும் எலெக்ட்ரிக் கார் வாங்கணும்னு போன வருஷம் ஊர் ஊராப் போய்ப் பிரசாரம் பண்ணினோம். எங்க பெட்ரோல் வண்டி வரிசையைப் பாத்துட்டு ஜனங்க வாயைப் பொளந்துட்டாங்க. இப்ப கேள்வி என்னன்னா, எல்லாரும்னு நாங்க சொன்னதுல நாமளும் சேத்தியா? அதைச் சட்டப் பிரிவுதான் சொல்லணும்."

சட்டப் பிரிவுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். எதைப் படிப்பார் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாக மக்கள் கருத்தைக் கேட்டார்கள். துமிஜன் எழுந்தார். "எந்தக் கார் சீக்கிரமா வருமோ அதுவே போதும் பாக். எம்மக கல்யாணத்துக்கு முன்னால பாலம் திறக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்." பொதுமக்கள் இரண்டு வாகனங்களையுமே பெரும் உற்சாகத்துடன் வரவேற்கிறார்கள் என்று குறிப்பெழுதினார்கள்.

அதன்பிறகு குழு ஒப்பீட்டு ஆய்வுக்காக பாலித் தீவுக்குப் போனது. மின்சாரக் கார் விற்கும் கடை மாவட்ட ஆபீசுக்கு எதிரிலேயே இருந்தது. ஆனால் சாலையைத் தாண்டிப் போவதை ஆய்வுப் பயணம் என்று எழுத முடியாதாம். பாலியில் ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டார்கள். துமிஜன் ஓரத்தில் நின்றார். படத்தில் அவருடைய காது மட்டும் விழுந்திருந்தது. ஊரில் அதைக் காட்டினபோது மனைவி லஸ்மி கேட்டாள்: "கார் எங்க?"

"பாக்கலை. மழை."

"நல்ல ஆளு நீங்க. இங்க பொண்ணு அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கிடக்கா, நீங்க கடல் பாத்துட்டு வர்றீங்க." அவள் சொன்னதில் தவறில்லை, அதுதான் அவருக்கு வலித்தது.

பாலியிலிருந்து திரும்பியதும் வேறொரு சிக்கல் தெரியவந்தது. மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பம் ஒன்று மாவட்ட ஆபீஸ் வாசலிலேயே நட்டிருந்தது. ஆனால் அதற்கும் ரிப்பன் கட்டியிருந்தது, அதுவும் இன்னும் திறக்கப்படவில்லை. புபாத்தி மின்சாரக் காரில் வந்து இறங்கித்தான் அதைத் திறக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. காரோ, சார்ஜ் ஏற்றாமல் வராது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு துணைக் குழு போட்டார்கள். அவர்களுக்கும் அட்டைப்பெட்டி வந்தது.

கடைசியில் ஒத்திகை வைத்துப் பார்த்துவிடலாம் என்று விரத்மோகோ சொன்னார். எதிர்க்கடையிலிருந்து மின்சாரக் காரை இரவல் வாங்கினார்கள். ஆபீஸ் வாசலில் ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். பக்கத்திலேயே பள்ளிப் பிள்ளைகளின் முரசுக் குழு. கார் வந்தது, நின்றது, உள்ளேயிருந்து ஒத்திகைப் புபாத்தியாக ஒரு குமாஸ்தா இறங்கிக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார். வரிசை இன்னும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து, வேறொரு கடையில் இரவல் வாங்கிய எஸ்யூவி வந்தது. தெருமுனையில் திரும்பும்போதே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முரசு முழங்கியது, எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் குனிந்தார்கள். ஒரு மூத்த ஊழியருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே குழு எஸ்யூவியைத் தேர்ந்தெடுத்தது. ஆளும் விதத்துக்கு ஏற்ற வாகனம் என்று தீர்மானத்தில் எழுதினார்கள்.

திறப்பு விழாவுக்கு அந்த வியாழக்கிழமைக் காலையையே கொடுத்தார்கள். துமிஜன் கெஞ்சினதால் இல்லை. அந்த வியாழக்கிழமை மாவட்ட ஊழியர்கள் எல்லாரும் ஜாவா உடை உடுத்த வேண்டிய நாள், படம் நன்றாக விழும் என்பதால். எப்படியோ கிடைத்ததே என்று துமிஜன் வாசலில் நின்று அழுதுவிட்டார். விரத்மோகோ ஊழியர்களை மறுபடி மறுபடி பழக்கினார்: "கருப்பு எஸ்யூவி. சத்தம் கேட்டதும் முரசு. கதவு திறந்ததும் குனியணும். முகத்தை நிமிந்து பாக்கறது மரியாதை இல்ல, பாக் புபாத்தியோட செருப்பைப் பாத்தாப் போதும்."

புதன்கிழமை ராத்திரி, தலைநகரிலிருந்து ஒரு மந்திரி மின்சாரக் காரில் போகாத அதிகாரிகளைப் பற்றித் தொலைக்காட்சியில் வருத்தப்பட்டுவிட்டார். விடிந்ததும் புபாத்தி எஸ்யூவியை நிறுத்திவிட்டு, எதிர்க்கடை மின்சாரக் காரை வரவழைத்து ஏறி உட்கார்ந்தார். இந்த மாற்றத்தை விரத்மோகோவுக்குக் கடிதம் மூலமாகத்தான் தெரிவிக்க முடியும். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் புபாத்தி. அவர் காரில் இருந்தார்.

பாலத்து முனையில் நடந்ததைத் துமிஜன் நேரில் பார்க்கவில்லை. மணமகளின் தகப்பன் என்பதால் வீட்டுப் பந்தலில் நின்றிருந்தார். பிறகு பலர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

ஹனுங்கின் மாமா கொஞ்சம் பகட்டுப் பேர்வழி. மருமகன் ஊர்வலத்துக்காக ஒரு கருப்பு எஸ்யூவியை வாடகைக்கு எடுத்திருந்தார். பூச்சரம்கூடக் கட்டவில்லை, வண்டியின் அழகு கெடுமாம். அது உறுமிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்ததும் முரசு முழங்கியது. கதவு திறந்தது. பட்டுக் கரை போட்ட துணி, கருப்புச் சட்டை, இடுப்பில் கத்தி, தலைப்பாகை, புதுச் செருப்பு. மாவட்ட ஊழியர்கள் அத்தனை பேரும் செருப்பைப் பார்த்துக் குனிந்தார்கள்.

"பாத்தியா," என்றார் மாமா இபு ரெத்னோவிடம். "கிராமத்து ஜனங்கன்னு ஏளனமாப் பேசினியே. எப்பேர்ப்பட்ட மரியாதை!"

விரத்மோகோ தலையைத் தாழ்த்தியபடியே வெல்வெட்டுத் தட்டில் தங்கக் கத்திரிக்கோலை நீட்டினார். ஹனுங்குக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கல்யாணத்தன்று எதைக் கையில் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் செய் என்று அம்மா சொல்லியிருந்தாள். முட்டையை மிதிக்கச் சொல்வார்கள், அரிசியை வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள், இதுவும் அந்த ஊர் வழக்கம் போல என்று ரிப்பனை வெட்டினான். கல்லின் மேலிருந்த துணியையும் இழுக்கச் சொன்னார்கள், இழுத்தான். ஒலிவாங்கியை முன்னால் நீட்டி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எனக்குப் பேச வராது," என்றான் ஹனுங், கழுத்தெல்லாம் வியர்க்க. "எல்லாரும் எங்களை வாழ்த்துங்க. நான் கடைசி வரைக்கும் நல்லாப் பாத்துக்குவேன். சத்தியமா."

இவ்வளவு சுருக்கமாக ஒரு புபாத்தி பேசி யாரும் கேட்டதில்லை. கைதட்டல் ஆற்றின் இரண்டு கரையிலும் கேட்டது. பாலத்தைப் பராமரிப்பதாகப் புபாத்தி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாலத்தில் நடந்தார்கள். விழா முடிந்தது என்று ஊழியர்கள் அட்டைப்பெட்டிகளைத் தேடி அக்கரையிலேயே இருந்த விழாப் பந்தலுக்குள் போனார்கள். அப்போதுதான் மின்சாரக் கார் வந்தது. யாரும் திரும்பவில்லை. முன்னால் கூட்டம் போகிறதே, நம்மை அழைத்துப் போகிறார்கள் போலிருக்கிறது என்று ஓட்டுநர் காரை அதன் பின்னாலேயே மெல்ல உருட்டிப் பாலத்தைக் கடந்துவிட்டார்.

துமிஜன் பந்தல் வாசலில் முதலில் பார்த்தது மாப்பிள்ளையின் காலைத்தான். துணியின் கரை காய்ந்திருந்தது. செருப்பில் பொட்டுச் சேறு இல்லை. "ஈரத் துணியோட வரல, காஞ்ச துணியோட வந்திருக்காங்க! வெனிங், அம்மா வெனிங், பாலம் திறந்தாச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். லஸ்மி தோள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

விருந்தினரை உட்காரவைத்துக்கொண்டிருந்த லஸ்மியின் தம்பி, தனியாக நின்ற ஒரு ஜாவா உடைக்காரரிடம் போனான். "மாப்பிள்ளை வீடா? வாங்க பாக், இங்க உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும்." இப்படி ஒரு வரவேற்பு புபாத்திக்குப் புதிது. எங்கே உட்காருவது என்று தானாக முடிவுசெய்து பழக்கமில்லாததால் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். தட்டில் சோறும் பலாக்காய்க் கறியும் வந்தன. நன்றாயிருந்ததால் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்.

திருமணப் பதிவாளர் வந்து கால்மடக்கி உட்கார்ந்தார். சடங்கு தொடங்க வேண்டிய நேரத்தில் விரத்மோகோ, அவரையும் அழைத்திருந்தார்கள், பல்லைக் குத்திக்கொண்டே பந்தலுக்குள் வந்தார். மணமேடையில் மாப்பிள்ளையின் செருப்பைப் பார்த்தார். முதல் முறையாக அதற்கு மேலேயும் பார்த்தார். பிறகு மூன்றாவது வரிசையில், மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பல்குச்சி கீழே விழுந்தது.

சட்டப் பிரிவுக்காரரை ஆள்விட்டு வரவழைத்தார்கள், அவர் பின்னாலேயே மற்ற ஊழியர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர் ஒரு பதிலையும் இத்தனை வேகமாகச் சொன்னதில்லை.

"அதிகாரமில்லாத ஒருத்தர் ரிப்பனை வெட்டியிருக்கார். அதனால பாலம் திறக்கப்படல. திறக்காத பாலத்து மேல நடந்தது செல்லாது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் அக்கரைக்குத் திரும்பிப் போகணும். முறைப்படி திறந்தப்புறம் வரலாம்."

"சரி, இதோ போயிட்டு வந்துடறோம்," என்று மாமா எழுந்தார்.

"பாலத்து வழியாவா? அது திறக்கலையே. ஆத்துல இறங்கித்தான் போகணும்."

மேலே மலையில் மழை பெய்து ஆறு சிவப்பாகச் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. இபு ரெத்னோ மகன் கையைப் பிடித்து எழுப்பினாள். "போதும்டா. வா, வீட்டுக்குப் போவோம். இது நடக்காது." வெனிங் உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள். திருமணப் பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அவருக்கு அடுத்த ஊரில் இன்னொரு கல்யாணம்.

துமிஜனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் காது சூடேறியது. ஆனாலும் குரல் எப்போதும்போல் பணிவாகத்தான் வந்தது.

"சட்டம்னா சட்டம்தான் பாக். எல்லாரும் இறங்கறோம். ஆனா பாக் புபாத்தியும் அந்தத் திறக்காத பாலத்து மேலதானே வந்திருக்கார்? கார்லயே வந்திருக்கார். நாங்க பின்னால வர்றோம். முதல்ல அவர் இறங்கட்டும். ஆழம் எங்கேன்னு எனக்குத் தெரியும், நானே கையைப் பிடிச்சுக்கறேன்."

புபாத்தி ஆற்றைப் பார்த்தார். தன் பட்டுக் கரையைப் பார்த்தார். தட்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"சட்டம் மக்களுக்காகத்தான். மக்களோட கஷ்டத்தை நெனைச்சு நான் தூங்காத ராத்திரி கிடையாது. உண்மையைச் சொல்றேன், இந்தப் பாலத்தைக் கட்டி முடிச்ச அன்னைக்கே நான் மனசுக்குள்ள திறந்துட்டேன். இது திறந்த பாலம்தான். யாரும் இறங்க வேண்டாம்."

ஊழியர்கள் கை தட்டினார்கள். ஊர்க்காரர்கள் தட்டவில்லை. பந்தலில் பாதிப் பேர் அன்று காலைகூட நனைந்து வந்தவர்கள்.

"மனசுக்குள்ள திறந்ததை வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாக்," என்றார் துமிஜன். "போன மழைக்கே சொல்லியிருக்கலாமே."

"அதனால என்ன, சொல்லியாச்சே!" புபாத்தி பெருந்தன்மையோடு சிரித்தார். "மறந்துடுவோம். உங்க மக கல்யாணத்துக்கு நானே சாட்சி. எழுதிக்குங்க."

படம் எடுப்பவரை முன்னால் கூப்பிட்டுவிட்டு, புபாத்தியை மாமாவின் பக்கத்தில் இரண்டாவது சாட்சியாக உட்காரவைத்தார்கள். துமிஜன் மாப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு மகளைக் கொடுக்கும் வாக்கியத்தைச் சொன்னார். ஹனுங் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டான். சாட்சிகள் இருவரும் செல்லும் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கல்யாணம் முடிந்ததாகும். பதிவாளர் சாட்சிகளின் பக்கம் திரும்பிக் கேட்டார்: "செல்லுமா?"

"செல்லும்," என்றார் மாமா.

புபாத்தி வாயைத் திறந்தார். வழக்கப்படி விரத்மோகோ பக்கம் திரும்பினார். விரத்மோகோ சட்டப் பிரிவுக்காரர் பக்கம் திரும்பினார். சட்டப் பிரிவுக்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்பதுபோல் தொண்டையைச் செருமினார்.

"செல்லும்!" என்று கத்தினார் துமிஜன். தகப்பன் சொல்வது கணக்கில் வராது என்பது அவருக்கும் தெரியும், இருந்தாலும் இனி ஒரு நிமிஷம்கூட அவரால் காத்திருக்க முடியவில்லை. அவர் கத்தினதும் பந்தல் முழுக்க, சமையல் கொட்டகை வரைக்கும், ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள்: "செல்லும்! செல்லும்!"

பதிவாளர் புபாத்தியின் பெயரை அடித்துவிட்டு, பலாக்காய்க் கறிக் கரண்டியோடு எட்டிப் பார்த்த சமையல்காரரிடம் அவர் பெயர் என்னவென்று கேட்டு எழுதிக்கொண்டார்.